பச்சை அம்பில் ஓடிய சர்வர்

பச்சை அம்புக்குறியை அமுக்கினால் சர்வர் ஓடும். இதை நான் மறுக்கவில்லை. நிரல் எழுதும் கருவியின் மேல்பட்டையில் அந்த அம்பு இருக்கிறது. அமுக்குகிறீர்கள். கீழே எழுத்துகள் சரசரவென்று ஓடுகின்றன. இத்தனை விநாடியில் எழுந்துவிட்டேன் என்று கடைசி வரியில் சர்வர் அறிவிக்கிறது. பிரவுசரில் பக்கம் திறக்கிறது. அந்த நிமிடத்தில் எல்லாமே ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கணினி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தருவதுபோல் எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஊக்கம் தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கென்றே மேடையும் மைக்கும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. அதை வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முன்பு கடைசி சில வருடங்கள் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம், ஓர் அறக்கட்டளை நடத்தும் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். பிரிவு என்றால் நானும் அலுவலக உதவியாளர் ஏழுமலையும். அதில் ஒரு வருடம்தான் சேர்க்கை விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்றினோம். நாற்பது இடங்கள். விண்ணப்பிக்கும் பெண்கள் மதிப்பெண்ணை நிரப்ப வேண்டும், நான்கு சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மென்பொருளை எழுத வெளியிலிருந்து பிரவீன் என்ற பையனை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு காபிக் கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்துகொண்டிருந்தான். கெட்டிக்காரன்தான். கெட்டிக்காரர்கள் எல்லாவற்றையும் நாளைக்குச் செய்வார்கள்.

இணையதளத்தை இயக்கும் மென்பொருளான அப்ளிகேஷன் சர்வரை எப்படி நிறுவ வேண்டும் என்று நான் இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருந்தேன். எந்த ஃபோல்டரில் போடுவது, எந்தப் பயனர் பெயரில் ஓட்டுவது, மின்சாரம் போய் வந்தால் தானாக எழுவதற்கு என்ன செய்வது, தினமும் எதைப் பிரதி எடுத்து வைப்பது, எல்லாம் அதில் உண்டு. அதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் படித்துக்கொள்வீர்கள். கையேட்டின்படி சர்வரை நானே என் கையால் நிறுவினேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

தொடக்க விழா ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். இணையதளத்துக்கு எதற்கு நல்ல நேரம் என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் நிர்வாக அலுவலர் சிரிக்கமாட்டார். அறக்கட்டளைத் தலைவரும் சிரிக்கமாட்டார். சர்வர் பெட்டிக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது, தட்டில் கற்பூரம் தயார். பத்தேகால் ஆகியும் நான் நிறுவிய சர்வர் எழவில்லை. பிரவீன் எழுதிய நிரல் சர்வரின் வேறொரு பதிப்புக்கு எழுதப்பட்டிருந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய சின்ன விஷயம். அந்த அரை மணி நேரம்தான் எங்களிடம் இல்லை.

பிரவீன் சர்வர் கணினியிலேயே தன்னுடைய நிரல் எழுதும் கருவியைப் போட்டு வைத்திருந்தான். அந்தக் கருவிக்குள் சொந்தமாக ஒரு சர்வரை வைத்து ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. எழுதுகிறவன் தன் நிரலைச் சோதித்துப் பார்ப்பதற்காக அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், இப்போதைக்கு இதுலருந்து ஓட்டறேன். விழா முடியட்டும். நாளைக்கு உங்க சர்வருக்கு மாத்திடறேன்" என்றான்.

"நாளைக்கா?"

"நாளைக்குக் காலைல மொத வேலை, சார்."

பச்சை அம்பை அமுக்கினான். பக்கம் திறந்தது. கற்பூரம் காட்டினார்கள், கைதட்டினார்கள். நிர்வாக அலுவலர் ஒரு தாளை நீட்டினார். 'சர்வர் முறைப்படி நிறுவப்பட்டு இயங்குகிறது' என்று அதில் எழுதியிருந்தது. இயங்கியது, என் கண்முன்னால் இயங்கியது. முறைப்படி என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போனேன். பத்து இருபத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ராகு காலத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு.

மறுநாள் காலையில் மாற்றப் போனபோது நிர்வாக அலுவலர் குறுக்கே வந்து நின்றார்.

"நிறுத்தப் போறீங்களா? வேணாம் சார். நல்ல நேரத்துல ஆரம்பிச்சது. அப்ளிகேஷன் தேதி முடியற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க."

"ரெண்டு நிமிஷம்தான் நிக்கும் சார்."

"ரெண்டு நிமிஷமோ ரெண்டு செகண்டோ. ஓடறத ஏன் சார் நிறுத்தணும்?"

என்னிடம் பதில் இருந்தது. ஒரு மணி நேரம் பேசக்கூடிய பதில். நான் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, இந்த மனிதரிடம் எதற்கு வம்பு, மூன்று வாரம்தானே என்று விட்டுவிட்டேன். அதைவிட மோசமான காரியத்தைப் பிறகு செய்தேன். சில நாள் காலையில் மின்தடையால் அந்தக் கணினி நின்றிருக்கும். நான் வருவதற்குள் ஏழுமலை அதை எழுப்ப வேண்டுமே. ஆகவே என் கையேட்டில் இருபத்துமூன்றாம் பக்கம் ஒன்றைச் சேர்த்தேன். 'சர்வர் நின்றிருந்தால் எழுதும் கருவியைத் திறந்து பச்சை அம்பை அமுக்கவும்.' படமும் போட்டு, அம்பைச் சுற்றி வட்டமும் போட்டேன். ஒரு தவறுக்குப் பக்க எண் கொடுத்துவிட்டால் அது நடைமுறையாகிவிடும். அலுவலகங்களில் நாற்பது வருடம் இருந்து நான் கற்றுக்கொண்டது இது. கற்றுக்கொண்ட பிறகும் செய்தேன்.

மூன்று வாரம் ஓடியது. விண்ணப்பத் தேதி முடிந்தது. பட்டியல் தயாரானது. அறுபத்தோரு பெண்களின் பெயருக்கு எதிரே 'சான்றிதழ் இணைக்கப்படவில்லை' என்று கணினி அச்சடித்துக் கொடுத்தது. அவர்களை நீக்கிவிட்டு மீதிப் பேரை மதிப்பெண் வரிசையில் அடுக்கினோம்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு நாலு பேப்பர ஒழுங்கா ஏத்தத் தெரியல பாருங்க" என்றார் நிர்வாக அலுவலர்.

"ரீல்ஸ் ஏத்தச் சொன்னா ஏத்தியிருப்பாங்க" என்றேன் நான்.

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் மறைக்கப் போவதில்லை. அறுபத்தோரு பேர் ஒரே தவறைச் செய்திருந்தால் தவறு அவர்களுடையதாக இருக்காது என்று யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எனக்குப் படிப்பு இருந்தது. யோசனை இல்லை.

பட்டியல் ஒட்ட வேண்டிய நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. தலைவர் நான்கு மணிக்கு வந்து பட்டியலை வெளியிடுவதாக ஏற்பாடு. காலையிலேயே கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவர்கள் திண்டிவனம் சாலையில் இறங்கி நடக்க வேண்டும். அப்படி நடந்து பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் கோமதி. கீழ்பென்னாத்தூரை அடுத்த ஊர், வீட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பயிர். நீக்கப்பட்டவர்களுக்கு முந்தைய நாள் குறுஞ்செய்தி போயிருந்தது. அறுபத்தோரு பேரில் அதைப் படித்துவிட்டு நேரில் வந்தவள் இவள் ஒருத்திதான்.

கீழே வரவேற்பில் இருந்தவர் அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார். நெட் சென்டரில் தப்பாக ஏற்றியிருப்பார்கள், அவர்களைப் போய்க் கேள் என்றிருக்கிறார். அவள் நகரவில்லை. ஏழுமலைதான் மேலே கூட்டிவந்தார்.

"சார், இந்தப் பொண்ணு போகமாட்டேன்னுது. கையில ஏதோ ரசீது வேற வச்சிருக்குது. நீங்களே என்னான்னு பாருங்க."

"ஏத்தலன்னு மெசேஜ் வந்துச்சு சார்" என்றாள் அவள். "நான் ஏத்தினேன். நெட் சென்டர்ல இல்ல, எங்க மாமா போன்லருந்து நானே ஏத்தினேன். நாலும் ஏறிச்சு."

"ஏறிச்சுன்னு எப்படித் தெரியும்?"

ஒரு தாளை எடுத்து நீட்டினாள். விண்ணப்பம் முடிந்ததும் எங்கள் தளமே தரும் ஒப்புகைச் சீட்டு. 'பெறப்பட்ட கோப்புகள்: நான்கு.' தேதி, நேரம், எங்கள் பள்ளியின் முத்திரை எல்லாம் இருந்தன.

"இது நீங்க குடுத்ததுதான சார்?" என்றாள்.

நாங்கள் கொடுத்ததுதான். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு தாளில் சொல்லிவிட்டு, நீ தரவே இல்லை என்று இன்னொரு தாளில் சொல்லியிருக்கிறோம். இரண்டிலும் ஒரே முத்திரை.

அறுபத்தோரு பேரின் விண்ணப்பத் தேதிகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே முதல் எட்டு நாட்களுக்குள். ஒன்பதாம் நாள் காலைக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களில் ஒருவர்கூட இந்தப் பட்டியலில் இல்லை. முதல் எட்டு நாளில் விண்ணப்பித்தவர்களில் ஒருவர்கூட இந்தப் பட்டியலிலிருந்து தப்பவில்லை. கடைசி நாள்வரை தூங்கியவர்கள் பத்திரமாக இருந்தார்கள், முந்திக்கொண்டு ஒழுங்காகச் செய்தவர்களைத்தான் நாங்கள் ஒழித்துக்கட்டியிருந்தோம்.

ஒன்பதாம் நாள் நான் விடுப்பில், போளூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன்.

"ஏழுமலை, அன்னைக்குக் காலைல சர்வர்ல என்ன பண்ணீங்க?"

"நானா சார்? பச்சைய அமுக்கினேன். வெப்சைட்டுல பழைய தேதியே காட்டிச்சு. பிரவீன் தம்பிக்கு போன் போட்டேன். மேல மெனுவுல கிளீன்னு ஒண்ணு இருக்கும், அத அமுக்கிட்டு மறுபடி பச்சைய அமுக்குங்கண்ணான்னாரு. அமுக்கினேன். சரியாயிடுச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன் சார், தப்பா?"

பிரவீனுக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஒலிபெருக்கியும் அரோகரா சத்தமும்.

"வண்டி எடுக்க முடியாது சார், செங்கம் ரோட்டை அடைச்சுட்டாங்க. கிரிவலக் கூட்டம். சொல்லுங்க சார்."

"சான்றிதழையெல்லாம் எந்த இடத்துல சேமிக்கற மாதிரி எழுதின?"

"அப்ளிகேஷன் ஃபோல்டருக்குள்ளயே சார். அப்லோட்ஸ்னு."

"எந்த அப்ளிகேஷன் ஃபோல்டர்? நான் நிறுவின இடமா, உன்னோட கருவி தனக்குன்னு எடுத்து வச்சிருக்கற நகலா?"

பின்னணியில் யாரோ சங்கு ஊதினார்கள்.

"சார்... கிளீன் குடுத்தா அந்த நகல் அழிஞ்சு, திரும்ப மொதல்லருந்து உருவாகும்."

"அதுல இருந்த சான்றிதழெல்லாம்?"

"போயிருக்கும் சார்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே லைட்டா ஒரு டவுட் இருந்துச்சு சார். பேக்கப் இருக்கும்னு நெனச்சேன்."

பிரதி இருந்தது. என் கையேட்டின் பதினேழாம் பக்கத்தின்படி தினமும் எடுக்கப்பட்டது. நான் நிறுவிய ஃபோல்டரிலிருந்து. யாரும் ஓட்டாத, யாரும் எதையும் போடாத அந்த ஃபோல்டரை என்னுடைய ஏற்பாடு மூன்று வாரம் நாள் தவறாமல் பிரதி எடுத்திருந்தது. இருபத்தொரு காலி ஃபோல்டர்கள். ஒவ்வொரு நாளும் 'பிரதி வெற்றி' என்று ஓர் அறிக்கை. ஒவ்வொன்றிலும் என் சுருக்கொப்பம்.

இன்னொரு விஷயத்தையும் அன்று நிரலைத் திறந்து பார்த்தேன். கோப்பு கிடைக்காவிட்டால் என்ன அச்சடிக்க வேண்டும் என்று பிரவீன் எழுதியிருந்த வரி. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று அவன் எழுதவில்லை. 'விண்ணப்பதாரர் இணைக்கவில்லை' என்று எழுதியிருந்தான். நம்மிடம் ஒன்று இல்லையென்றால் அவர்கள் தரவில்லை என்று அர்த்தம். யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எந்த அலுவலக ஜன்னலிலாவது பத்து நிமிடம் வரிசையில் நின்றிருப்பான், கற்றுக்கொண்டிருப்பான். பிழைச் செய்தி எழுதும்போது கவனமாக இருங்கள். பிழை யாருடையது என்று உங்களுக்கே தெரியாத நேரத்தில் அதை எதிரில் இருப்பவர் தலையில் எழுதாதீர்கள்.

மணி ஒன்றரை. கோமதியையும் கூட்டிக்கொண்டு நிர்வாக அலுவலர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பட்டியலை நிறுத்த வேண்டும், அறுபத்தோரு பேரையும் கூப்பிட்டுச் சான்றிதழை மறுபடி வாங்க வேண்டும் என்றேன்.

"தலைவர் நாலு மணிக்கு வர்றார்" என்றார் அவர்.

"தெரியும் சார்."

"அறுபத்தோரு பேருக்கு போன் போட்டு, எங்க மேல தப்பு, நாங்க தொலைச்சிட்டோம்னு சொல்லப் போறீங்களா? நம்ம மானம் என்ன ஆவறது?"

"தொலைச்சது உண்மைதானே சார்."

"உண்மைதான். யாரு இல்லன்னா?" குரலைத் தணித்தார். "இந்தப் பொண்ணு வந்திருக்குது. ஒரிஜினல் கையில வச்சிருக்குது. இதோடது மட்டும் இப்ப ஸ்கேன் பண்ணி ஏத்திடுங்க. மார்க் பாருங்க." பட்டியலில் விரலை ஓட்டினார். "முப்பத்தொண்ணாவது எடம். சீட்டு நிச்சயம். இதுக்கும் சந்தோஷம், நமக்கும் பிரச்சினை இல்ல."

"மத்த அறுபது பேர்?"

"அவங்க வந்து கேட்டாங்களா?"

இந்த ஐந்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை மனதுக்குள் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ரத்தம் கொதிக்கிறது. வந்து கேட்டாங்களா. பேருந்து இல்லாத நாளில், நடந்து வந்து, வரவேற்பில் விரட்டியும் போகாமல் நின்று, ஒப்புகைச் சீட்டை எடுத்து நீட்டினால் மட்டும் நீதி. வீட்டில் உட்கார்ந்து, நாம்தான் ஏதோ தப்பாக ஏற்றிவிட்டோம் போலிருக்கிறது என்று அழுகிறவளுக்குக் கிடையாது. அவர் கெட்டவர் இல்லை. இதை அவர் ஓர் உதவியாகவே நினைத்தார். அதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது.

என் கையில் அறுபத்தோரு பேரின் மதிப்பெண்ணும் இருந்தது. சான்றிதழ்தான் அழிந்ததே தவிர, நிரப்பிய விவரங்கள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. எல்லோரையும் சேர்த்து வரிசைப்படுத்தி அங்கேயே பார்த்தேன். கோமதிக்கு நாற்பத்துநாலாவது இடம்.

அதைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். நிர்வாக அலுவலர் உடனே அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாம்மா? இவரு சொல்ற மாதிரி செஞ்சா உனக்குச் சீட்டு இல்ல. நான் சொல்றபடி செஞ்சா இன்னைக்கே உன் பேரு போர்டுல. நீயே சொல்லு, சீட்டு வேணுமா, வேணாமா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"அவ பதில் சொல்ல வேண்டாம்" என்றேன். நான் அந்த அலுவலகத்தில் குரலை உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். "நம்ம தப்புக்குப் பதினெட்டு வயசுப் பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கறீங்களா? இது நம்ம முடிவு. அவள இதுல இழுக்காதீங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நின்றபடியே எழுதினேன். மூன்றே வாக்கியம். 'முதல் எட்டு நாட்களில் விண்ணப்பித்த அறுபத்தோரு பேரின் சான்றிதழ்களும் நம்மிடம் வந்து சேர்ந்தன, நம் சர்வரில் அழிந்தன. சர்வர் முறைப்படி நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டதாகக் கையெழுத்திட்டவன் நான்.' தேதியும் நேரமும் போட்டு, கடித வரவுப் பதிவேட்டில் எண் வாங்கி, அவர் மேசையில் வைத்தேன். நிர்வாக அலுவலர் படித்தார். எண் போட்ட தாளை எந்த அலுவலரும் கிழிக்கமாட்டார், அது மேசையில் இருக்கும்போது பழைய பட்டியலில் கையெழுத்தும் போடமாட்டார். முறை தெரிந்தவனுக்கு முறையே ஆயுதம். ஆரம்பத்தில் அந்த வெள்ளிக்கிழமையே நான் அதை எடுத்திருக்க வேண்டும்.

"கடைசிக் காலத்துல உங்களுக்கு ஏன் சார் இது?" என்றார். பிறகு தலைவருக்குப் போன் போட்டார்.

பட்டியல் ஒரு வாரம் தள்ளிப்போனது. நானும் ஏழுமலையும் மாறி மாறி அறுபது வீட்டுக்கும் போன் செய்தோம். திட்டியவர்கள் உண்டு. ஓர் அப்பா, "தொலைச்சவன் யாரோ அவன் பேரச் சொல்லு" என்றார். சொன்னேன். சிலர் நன்றி சொன்னார்கள், அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. மூவரைத் தவிர எல்லோரும் வந்து சான்றிதழ் கொடுத்தார்கள். வராத மூவரில் ஒருத்தி கோமதிக்கு மேலே இருந்தவள். ஆகவே கோமதிக்கு நாற்பத்துமூன்றாவது இடம், காத்திருப்போரில் மூன்றாவது.

நடுவில் விசாரணை என்று ஒன்று நடந்தது. கிளீனை அமுக்கிய குற்றத்துக்காக ஏழுமலைக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பொத்தானை அமுக்கிய விரலைக் கண்டுபிடிப்பது சுலபம், அந்தப் பொத்தான் ஏன் அந்த விரலுக்கு எட்டும்படி வைக்கப்பட்டது என்று கேட்பதுதான் சிரமம். ஏழுமலையின் பதிலை நானே எழுதினேன். என் கையேட்டின் இருபத்துமூன்றாம் பக்கத்தையும் இணைத்தேன். மெமோ அவரிடமிருந்து என்னிடம் வந்தது. வரவேண்டிய இடத்துக்கு வந்தது. சர்வரை நிறுத்தி, முறைப்படி மாற்றினோம். ஒன்றே முக்கால் நிமிடம் பிடித்தது. அன்று என்ன நேரம் என்று யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

கோமதிக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடைசி நாள்வரை இரண்டு பேர்தான் விலகியிருந்தார்கள். மூன்றாமவள் அன்று மாலை நான்கு மணிக்குத் தனக்கு வேறு கல்லூரியில் கிடைத்துவிட்டது என்று போன் செய்தாள். அதுவரை இருபது நாள், கோமதி தினமும் வரவேற்புக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு நேராகிவிட்டது. தவறை ஒப்புக்கொண்டேன், அறுபத்தோரு பேருக்கும் நியாயம் நடந்தது, அந்தப் பெண்ணுக்கும் இடம் கிடைத்தது. இதைப் பயிற்சி வகுப்புகளில் நானே உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் படித்த அந்த வருடங்களில் வராந்தாவில் என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பாள், நிற்கமாட்டாள். மற்ற மாணவிகள் நின்று பேசுவார்கள். அவள் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் மதிப்பெண் பட்டியலில் தன் அப்பா பெயரின் முதலெழுத்தைத் திருத்த என் அறைக்கு வந்தாள். திருத்தினேன். அச்சாகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல், "அன்னைக்கு உனக்கு என்மேல கோவம் இருந்திருக்கும் இல்ல?" என்று கேட்டேன். இல்லை சார் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்திருக்கலாம்.

"இருந்துச்சு சார்" என்றாள்.

"சீட்டு போயிடும்னா?"

"அதுக்கில்ல சார். எங்க ஊர்லயே இன்னொரு பொண்ணு அந்த அறுபதுல இருந்துச்சு. அதுக்கும் கெடைக்கணும்னுதான் நானும் நெனப்பேன். அந்த சார் கேட்டாரு, நீங்க பேச விடல. ரெண்டு பேருமா என்னப் பத்தியே பேசினீங்க. என்னண்ட யாரும் பேசல."

"அவர் உன்னைக் கேட்ட விதம் தப்பும்மா. உன்மேல பாரத்தப் போடப் பார்த்தாரு."

"தெரியும் சார். பாரம் என்னோடதுதான சார்?"

எனக்குக் கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். இந்தப் பெண்ணுக்காகத்தானே அன்று கத்தினேன் என்று வந்தது.

"சரி, பேச விட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"சீட்டு வேணும்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் யோசிக்காமல். "அதுக்கப்புறம் நீங்க அந்த லெட்டர எழுதியிருந்தா பரவால்ல சார். நான் சொன்னத கேட்டுட்டு எழுதியிருப்பீங்க."

அச்சான தாளை வாங்கி, எழுத்தைச் சரிபார்த்து, உறையில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று எழுதிய குறிப்பை இன்றும் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்காக இதை எழுத உட்கார்ந்தபோது அந்த அறையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். நிர்வாக அலுவலர் நாற்காலியில் இருந்தார், நான் மேசையில் கையூன்றிக் கத்திக்கொண்டிருந்தேன், சுவரோரம் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. திண்டிவனம் சாலையிலிருந்து நடந்து வந்த பெண் அவ்வளவு நேரமும் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரம்மா என்று அவளிடம் நான் சொல்லவில்லை.